சமையலறைக் குழாய்க்கு என்சைம்: எப்போது ஊற்றுவது, எப்படி ஊற்றுவது

கேள்வி இது: "மதுரை திருநகர் பக்கம் தனி வீடு. சமையலறை சிங்க் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆசிட் ஊற்றித்தான் விடுகிறோம். இப்போது என்சைம் கிளீனர் என்று விற்கிறார்கள். அதை ஊற்றினால் அடைப்பு போகுமா? எலுமிச்சைத் தோலில் வீட்டிலேயே தயாரிக்கும் என்சைம் போதாதா? எங்களுக்குப் போர் தண்ணீர், செப்டிக் டேங்க். டேங்க் கெட்டுப்போகுமா?"

தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்ட குழாயை என்சைம் திறக்காது. திறந்து கிடக்கும் குழாயை மறுபடி மூடவிடாமல் பார்த்துக்கொள்ளும்.  உங்கள் வீட்டில் அடைப்பு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஆசிட் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாகத் தொடாது. நடுவில் விரல் அளவு வழி கிடைத்ததும் தண்ணீர் இறங்கிவிடுகிறது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். குழாய்ச் சுவரில் பிசுக்கு அப்படியே இருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் அந்த விரல் அளவு வழியும் மூடுகிறது.

நம் ஊர்ச் சமையலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே என்ன கிடக்கிறது என்று சொல்கிறேன். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, கறிக்குழம்புக் கொழுப்பு. ஆட்டுக் கொழுப்பு உருகுவதற்குச் சுமார் 45 டிகிரி சூடு வேண்டும். சித்திரை வெயிலில்கூட சுவருக்குள் போகும் குழாய் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் தட்டிலிருந்து சுடுதண்ணீரோடு வழிந்து போன கொழுப்பு நாலடி தள்ளிப் போய் உறைந்துவிடும். இரண்டாவது, மாவுப் பசை: அரிசி களைந்த கழனித்தண்ணீர், வடிகஞ்சி, கிரைண்டர் கழுவிய தண்ணீர். உளுந்தின் வழவழப்பு குழாய்ச் சுவரில் நன்றாக ஒட்டும். ஒட்டிய இடத்திலேயே புளித்து, காலையில் சிங்கிலிருந்து வரும் அந்தப் புளிப்பு வாடையைக் கொடுக்கும். மூன்றாவது, சக்கை: தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, மிளகாய் விதை, டீத்தூள். இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்வது, நுண்ணுயிர்கள் கட்டிக்கொள்ளும் சாம்பல் நிற வழுவழுப்புப் படலம்.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எண்ணெய் நாள்பட நாள்படச் சிதைந்து கொழுப்பு அமிலமாகும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதோடு கூடி, தண்ணீரில் கரையாத ஒருவகை சோப்பாக இறுகிவிடும். வெள்ளையாக, மெழுகைத் தொட்டது போல இருக்கும். சில நேரம் கல் மாதிரியே ஆகிவிடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உறையாத எண்ணெய்தானே, எப்படிக் குழாய் அடைக்கிறது என்று பலர் கேட்பதற்கு இதுவே விடை. குழாயில் இருப்பது எது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. கழற்றும்போது சுரண்டியதில் கொஞ்சம் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள். உருகி மேலே மிதந்தால் கொழுப்பு. உருகாவிட்டால் அதன்மேல் வினிகர் விடுங்கள்; பொங்கினால் சுண்ணாம்புப் படிவு. உருகவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் பெரும்பாலும் இந்தக் கால்சியம் சோப்புதான். என்சைம் முதலாவதில் நன்றாக வேலை செய்யும், கடைசியில் மெதுவாகச் செய்யும், சுண்ணாம்பில் செய்யவே செய்யாது.

என்சைம் என்பது உயிர் அல்ல. உயிர்கள் உண்டாக்கும் ஒரு புரதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைதான் தெரியும். லிப்பேஸ் கொழுப்பை அறுக்கும். அமைலேஸ் மாவுச்சத்தை அறுக்கும். நம் எச்சிலில் இருப்பதும் அதுவே. புரோட்டியேஸ் பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரதங்களை அறுக்கும். செல்லுலேஸ் காகிதம், காய்த்தோல் போன்ற நார்ப்பொருளில் வேலை செய்யும். நம் சமையலறைக்கு முதல் மூன்றும் கட்டாயம் வேண்டும்.

இங்கேதான் கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டிய பெரிய வித்தியாசம் வருகிறது. லிப்பேஸ் கொழுப்பை அறுத்தால் மிஞ்சுவது கிளிசரினும் கொழுப்பு அமிலமும். அந்த அமிலத்தை யாராவது தின்று தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால், மேலே சொன்னபடி போர் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து பத்தடி தள்ளி மறுபடி படிந்துவிடும். சிங்குக்கு அடியில் இருந்த அடைப்பு, வீட்டுக்கு வெளியே மூடி போட்டிருக்கும் கழிவுநீர்த் தொட்டியான சேம்பர் பக்கம் இடம் மாறியதுதான் மிச்சம். ஆகவே என்சைம் மட்டும் உள்ள பாட்டிலைவிட, பாக்டீரியாவும் சேர்ந்த பாட்டிலே நமக்கு நல்லது. இவற்றில் பெரும்பாலும் பேசில்லஸ் வகைகளைப் போடுவார்கள். அவை விதை போல உறங்கும் நிலையில் பொடியிலோ திரவத்திலோ இருக்கும். ஈரமும் தீனியும் கிடைத்ததும் சில மணி நேரத்தில் விழித்துக்கொண்டு, சுவரிலேயே ஒட்டி வளர்ந்து, தமக்கு வேண்டிய என்சைமைத் தாமே சுரக்கும். கொழுப்பு அமிலத்தையும் அவையே தின்னும்.

லேபிளில் இதற்கான அடையாளம் இருக்கும். பேசில்லஸ் என்ற பெயரும், ஒரு மில்லியிலோ ஒரு கிராமிலோ எத்தனை கோடி நுண்ணுயிர் என்ற சி.எஃப்.யு. எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் இருந்தால் வாங்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் என்று எழுதியிருந்தால், முன்பக்கத்தில் எவ்வளவு பச்சை இலை போட்டிருந்தாலும் அது என்சைம் கிளீனர் இல்லை. "5 நிமிடத்தில் அடைப்பு நீங்கும்" என்று சொல்வதும் என்சைம் இல்லை. இந்த வேலைக்கு மணிக்கணக்கு ஆகும். வாசனையும் நுரையும் மட்டும் தூக்கலாக இருந்தால் அதில் பாத்திர சோப்பே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு பிசுக்கைக் குழைத்துக் கீழே தள்ளிவிடும், தின்று தீர்க்காது.

பொடியா திரவமா என்றால், மதுரை வெயிலுக்குப் பொடியே பாதுகாப்பு. திரவத்தில் உள்ள என்சைம் சூட்டில் நாளாக நாளாக வலுவிழக்கும். மொட்டை மாடி அறையிலோ, தகரக் கூரைக்கு அடியிலோ, அடுப்பு மேடைக்குக் கீழேயோ வைக்க வேண்டாம். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்கக் கூடாது. டப்பாவுக்குள்ளேயே விழித்துக்கொண்டு வீணாகிவிடும். பொடியைக் கொட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். என்சைம் தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமையும் இழுப்பும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் திரவமே வாங்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அடைப்பை எடுத்தாக வேண்டும். அதற்கு முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள். சிங்க் மட்டும் நின்றால் அடைப்பு சிங்குக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில். சிங்கில் தண்ணீர் விட்டதும் பாத்ரூம் தரைத் துளையில் தண்ணீர் மேலே வந்தால், இரண்டும் சேர்ந்த இடத்துக்கு அப்பால். வீட்டிலுள்ள எல்லாமே ஒரே நேரத்தில் நின்றால் வெளிக் குழாயிலோ டேங்கிலோ பிரச்சினை. அதற்கு எந்த பாட்டிலும் உதவாது. வெளியே சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மூடியைத் திறந்ததும் குனிய வேண்டாம், ஒரு ஐந்து நிமிடம் காற்று போகட்டும்.

சிங்குக்கு அடியில் பாட்டில் ட்ராப் (வாடை மேலே வராமல் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் கோப்பை) இருந்தால், கீழே வாளியை வைத்து, அதன் அடிக் கோப்பையைக் கையால் இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை உடைந்துவிடும். வராவிட்டால் ஒரு துணியைச் சுற்றித் திருகலாம். பாத்திரம் தேய்க்கும் பவுடரின் மண்டி, மிளகாய் விதை, ஸ்டீல் நார்த் துண்டு எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். கழுவி, ரப்பர் வாஷர் மடங்காமல் உட்காருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ஆசிட் ஊற்றிய வீடுகளில் இதைக் கழற்றும்போது கண்ணுக்கும் கைக்கும் காப்பு கட்டாயம்: ரப்பர் கையுறை, கண்ணாடி. பிளம்பரைக் கூப்பிட்டாலும் அவர் கையை வைப்பதற்கு முன்பே "இதில் ஆசிட் ஊற்றியிருக்கிறோம், இத்தனை மணிக்கு ஊற்றினோம்" என்று சொல்லிவிடுங்கள். தேங்கி நிற்கும் ஆசிட் தண்ணீர் முகத்தில் தெறித்து அந்த மனிதர்கள் படும் வேதனை வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

ட்ராப்புக்கும் சுவருக்கும் நடுவில் வரிவரியாக மடிப்பு வைத்த வேஸ்ட் பைப் போட்டிருந்தால், அதைக் கழுவுவதில் நேரத்தைப் போக்க வேண்டாம். விலை குறைந்த பொருள். ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு தங்கும். கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். முடிந்தால் உள்ளே வழவழப்பாக உள்ள 40 மி.மீ. பிவிசி குழாயாகவே மாற்றிவிடுங்கள். புதிது மாட்டும்போது தேவைக்கு மேல் நீளம் விடக் கூடாது. தொங்கி வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கேதான் முதலில் அடைக்கும்.

சுவருக்கு உள்ளே போகும் பகுதிக்கு ட்ரெயின் ஸ்பிரிங், அதாவது குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுக்கும் நீளமான கம்பிச் சுருள். வளைவில் முட்டினால் குத்தித் தள்ளாமல் சுழற்றுங்கள். சுழற்றினால் வளைவைத் தாண்டும். முனையில் வருவதை வெளியே இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட வேண்டும். உள்ளேயே தள்ளிவிட்டால் சேம்பருக்குப் போகும் வழியில் போய் நிற்கும். ஸ்பிரிங்கும் கேட்காமல், எடுத்த ஒரு மாதத்திலேயே திரும்ப நின்றால் வாட்டம் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். 75 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு ஒரு அங்குலம் இறக்கம் வேண்டும். வாட்டம் இல்லாத குழாய்க்கு என்சைம் ஊற்றுவது அடைப்பைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

இப்போது குழாய் திறந்துவிட்டது. அன்றைக்கே ஒரு கணக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கை அடைத்து 10 லிட்டர் தண்ணீர் நிரப்பி, திறந்துவிட்டு, முழுதும் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, சிங்குக்கு மேல் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள குழாயில் அரை நிமிடம் முன்பின் ஆகும். மாதம் ஒரு தடவை இதையே செய்து பாருங்கள். இரண்டு மடங்கு ஆகிவிட்டால் குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம்; நின்றுபோகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என்சைம் ஊற்றும் முதல் நாள் மாலை, ஒரு வாளி சூடான தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரத் திரவம் கலந்து ஊற்றி மேற்பிசுக்கை இளக்கிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகம், 50 டிகிரி போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டது அல்ல. 75, 80 டிகிரியில் இளகிவிடும். குக்கர் இல்லாமல் சோறு வடிக்கும் வீடுகளில் கொதிக்கிற வடிகஞ்சியை நேரே சிங்கில் கவிழ்ப்பதால் மூட்டுகள் தளர்ந்து, அலமாரிக்குள் ஒழுகுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். கஞ்சியை ஆறவைத்து மாட்டுக்கோ செடிக்கோ விடுவதே பழைய வழக்கம். குழாய்க்கும் அதுவே நல்லது.

ஊற்றும் நேரம் இரவு. ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் கழுவி, நாளைக்கு மாவு அரைத்த கிரைண்டரையும் கழுவி, இனிமேல் காலை வரை அந்தக் குழாய்க்கு வேலை இல்லை என்று ஆன பிறகு ஊற்ற வேண்டும். சொட்டுகிற குழாய் இருந்தால் முதலில் வாஷர் மாற்றுங்கள். ராத்திரி முழுக்க சொட்டினால் மருந்து பாதி சேம்பருக்குப் போய்விடும். பொடி என்றால் இரண்டு மேசைக்கரண்டி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். திரவம் என்றால் 100 முதல் 150 மில்லி, அதே அரை லிட்டரில். உங்கள் டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் செறிவு வேறு. தண்ணீர் போர் தண்ணீரானாலும் சரி, குடத்தில் பிடித்துவைத்த மாநகராட்சித் தண்ணீரானாலும் சரி. 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் என்சைம் வெந்து வீணாகும்.

மெதுவாக ஊற்றுங்கள். இது ஏன் என்றால், 75 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். நீங்கள் ஊற்றும் அரை லிட்டர் குழாயின் அடியில் நூல் பிடித்தாற்போல ஓடும். மேல் சுவரைத் தொடவே தொடாது. மடமடவென்று கவிழ்த்தால் இரண்டு நிமிடத்தில் சேம்பரில் இருக்கும். ஜல்லடைத் துளையைச் சுற்றி விளிம்பில் படும்படி, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சிங்கின் மேல் பக்கத்தில் நிரம்பி வழிவதற்கான துளை இருந்தால் அதிலும் ஒரு பங்கு விடுங்கள்; வாடை பாதி அங்கிருந்தே வரும். காலையில் முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டி, இரவில் இளகியதைத் தள்ளிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கிடைத்தால் போதும். நம் ஊர்ச் சூடு இதற்கு உதவி; குளிர் நாட்டுக்காரர்கள் குழாயை வெதுவெதுப்பாக்கப் படும் பாடு நமக்கு இல்லை.

முதல் வாரம் தொடர்ந்து ஐந்திலிருந்து ஏழு இரவு. பிறகு வாரம் ஒரு இரவு. எந்த இரவு என்றால், ஞாயிற்றுக்கிழமை இரவு. கறி எடுக்கும் நாளின் கொழுப்பு இறுகி ஏறுவதற்கு முன்பே வேலை நடந்துவிடும். சைவ வீட்டில் 10 நாளுக்கு ஒரு தடவை போதும். தீபாவளி, பொங்கல், விருந்து என்று எண்ணெய்ச் சட்டி ஏறும் நாட்களில் அடுத்தடுத்து இரண்டு இரவு.

மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் தண்ணீர் முன்னைவிட மெதுவாக இறங்கலாம், வாடையும் கொஞ்சம் கூடலாம். பலர் பயந்து விட்டுவிடுவதும், மறுபடி ஆசிட்டைத் தேடுவதும் அப்போதுதான். சுவரில் இருந்த பழைய படலம் தகடு தகடாக உரிந்து அடுத்த வளைவில் போய் விழுகிறது, அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கொட்டுங்கள். போகவில்லை என்றால் ஸ்பிரிங். அன்று இரவு வழக்கம்போல மருந்தை ஊற்றுங்கள். வெளியே சேம்பரில் சாம்பல் நிறக் கட்டிகள் வந்து கிடந்தால் நல்ல அறிகுறி, அள்ளிப் போட்டுவிடுங்கள்.

வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் நடப்பது இது: இரவு என்சைம், காலையில் தரை துடைத்த பினாயில் தண்ணீர் அதே குழாயில். பினாயில், பிளீச்சிங் பவுடர், டெட்டால், ஆசிட் நான்கும் கிருமியைக் கொல்பவை. நல்ல பாக்டீரியா கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது. துடைத்த தண்ணீரை வேறு துளையில் ஊற்றுங்கள். ஆசிட்டோ பிளீச்சிங்கோ போட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஒரு முழு நாள் கழித்தே என்சைம். இன்னொன்று, என்சைம் கேட்கவில்லை என்று ஆசிட், அது கேட்கவில்லை என்று பிளீச்சிங் என ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சமையலறையில் சில மூச்சிலேயே நுரையீரலைப் புண்ணாக்கும். அப்படி நடந்துவிட்டால் எதையும் கழுவ நிற்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

பாத்ரூம் விஷயம் வேறு. அங்கே அடைப்பது தலைமுடி. முடி கெரட்டின் என்ற இறுகிய புரதம். சாதாரண புரோட்டியேஸ் அதை ஒன்றும் செய்யாது. தரைத் துளையின் மூடியைத் தூக்கி, அதன் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் நானி ட்ராப்புக்குள் இருக்கும் கோப்பையை எடுத்து, முடியைக் கையால் எடுப்பதே வழி; வாரம் ஒரு தடவை, இரண்டு நிமிட வேலை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் சீயக்காய், அரப்புத் தூள் எண்ணெயோடு சேர்ந்து களிமண் போல ட்ராப்பில் படியும். தூளை அப்படியே குழைக்காமல் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை இல்லை. முடியையும் மண்டியையும் எடுத்த பிறகு, மிஞ்சும் எண்ணெய்க்கும் சோப்புப் படலத்துக்கும் 15 நாளுக்கு ஒரு தடவை என்சைம் ஊற்றலாம்.

பாத்ரூம் சுவரில் கொசுவைவிடச் சிறியதாக, ரோமம் படர்ந்த இறக்கையோடு கறுப்பு ஈ உட்கார்ந்திருக்கிறதா? அதன் புழு வளர்வது குழாய்க்குள் இருக்கும் அந்த வழுவழுப்புப் படலத்தில். கொசு மருந்து அடித்தால் பறப்பது மட்டும் சாகும். எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று பார்க்க, இரவில் துளைமேல் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் கீழே இருக்க, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டிவையுங்கள். காலையில் ஈ ஒட்டியிருக்கும். அந்தத் துளையை நீளப் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு வாரம் என்சைம் விட்டால் தீனி இல்லாமல் போய்விடும். ஆனால் யாரும் புழங்காத பாத்ரூமில் வரும் சாக்கடை வாடைக்கு என்சைம் வேண்டாம். ட்ராப்பில் நிற்க வேண்டிய இரண்டு அங்குலத் தண்ணீர் கோடையில் வற்றிவிட்டது, அதுதான் காரணம். ஒரு மக் தண்ணீர் விட்டு, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

எலுமிச்சைத் தோல் என்சைம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், 1 லிட்டர் தண்ணீர் என்று பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூன்று மாதம் வைப்பார்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். தரை துடைக்க, மேடை துடைக்க நல்ல பொருள், குப்பையும் குறையும். ஆனால் அதில் ஓங்கி நிற்பது புளிப்பு. வினிகரைப் போல பிஎச் 3, 4 என்று இருக்கும். கொழுப்பை அறுக்கும் என்சைம்கள் விரும்புவது 6-லிருந்து 9. பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று ஆகிவிடாது. சிங்கில் ஊற்றினால் வாடை குறையும், ஆட்டுக் கொழுப்பு அசையாது. கடையில் வாங்கிய என்சைமோடு சேர்த்து ஊற்றாதீர்கள். அந்தப் புளிப்பு இதையும் மந்தமாக்கும்.

மருந்தைவிடப் பெரிய வேலையைச் செய்வது பழைய செய்தித்தாள். கறிச்சட்டியையும் வடைச் சட்டியையும் கழுவுவதற்கு முன் தாளால் ஒரு துடை துடைத்துக் குப்பையில் போட்டால், குழாய்க்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். நம் வீடுகளில் முன்பு அங்கணம் இருந்தது. தண்ணீர் திறந்த சலதாரையில் ஓடியது, பிசுக்கு கண்ணுக்குத் தெரிந்தது, விளக்குமாறால் தேய்த்துவிட்டார்கள். இப்போது எல்லாம் சுவருக்குள் போய்விட்டதால் நிற்கும் வரை தெரிவதில்லை. பொரித்த எண்ணெய் மிச்சத்தைச் சிங்கில் ஊற்றவே கூடாது. பாட்டிலில் அடைத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள். ஊரின் கழிவுநீரைச் சுமக்கும் கிருதுமால் நதியும் பந்தல்குடி கால்வாயும் ஏற்கெனவே மூச்சுத் திணறுகின்றன.

கடைசியாக செப்டிக் டேங்க். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த திருநகர் போன்ற பகுதிகளில் டேங்கை நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. அதனால் இது நியாயமான கவலை. பாக்டீரியா கலந்த என்சைம் டேங்கைக் கெடுக்காது. கெடுப்பது நீங்கள் இதுவரை ஊற்றிய ஆசிட்தான். ஆனால் டேங்கையே காலி செய்யும் என்று சொல்லி விற்கும் பொடிகளை நம்பி, கழிவு உறிஞ்சும் லாரியைத் தள்ளிப்போடாதீர்கள். மலத்தோடு தினமும் போகும் பாக்டீரியாவே டேங்குக்குப் போதும். மிஞ்சும் மண்டியை எந்தப் பொடியும் கரைக்காது. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை லாரி வைத்து எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது ஆள் உள்ளே இறங்க விடக் கூடாது. உள்ளே நிற்கும் வாயு ஒரு நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் கழிவு அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. சமையலறைத் தண்ணீர் டேங்குக்குப் போகாமல் தனியாக உறிஞ்சுகுழிக்குப் போனால், ஞாயிறு இரவு என்சைமை விடாமல் ஊற்றுங்கள். கொழுப்பு போய் மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால் குழியைத் தோண்டிப் புதுக் கல் நிரப்புவதைத் தவிர வழியில்லை. கொல்லையில் வாழைக்குப் போனால் பயப்பட வேண்டாம், வாழை அதைத் தாங்கும்.